வளையத்துக்குள் ஓடும் தண்ணீர்

மணிவண்ணன் வீட்டு மீன்தொட்டியில் மீன் கிடையாது. மெட்டுகூடாவில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய சந்தில், இரண்டாவது மாடி வீட்டின் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. இரண்டடி நீளம். அடியில் ஒரு கூழாங்கல் கூட இல்லை. காற்று ஊதும் சின்ன மோட்டாரும் அதன் குழாயும் மட்டும். வேலை விட்டு வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, டீ டம்ளரோடு எதிரே உட்கார்ந்து, குமிழிகள் மேலே போவதைப் பார்ப்பார்.

நான் முதல் முறை அங்கே போயிருந்தபோது அவர் மனைவி சுமலதா சொன்னார்: "மீனில்லாத தொட்டிக்கு வாரா வாரம் தண்ணி மாத்துற ஆளு இந்த செகந்திராபாத்துலயே இவரு ஒருத்தருதான்மா."

பத்தாவது படிக்கும் மகள் ஹர்ஷிதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் தெலுங்கில், "நான்னாகி பபுள்ஸே சேப்பலு" என்றாள். அப்பாவுக்குக் குமிழிதான் மீனாம்.

மணிவண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "மீனு விட்டா அப்புறம் மீனைத்தானே பாக்கத் தோணும்?" என்றார்.

அவரும் நானும் சனத்நகரில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். முன்னால் அலுவலகம், பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட், மொத்தம் பதினான்கு பேர். நான் முன்னால், கணினிக்கு எதிரே. அவர் பின்னால். எங்கள் வேலை என்ன என்று உறவினர்கள் கேட்டால், "ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு ஸ்கேன் எடுக்கற மாதிரி நாங்க குழாய்க்கு எடுக்கறோம்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். எலக்ட்ரிக்கல் டோமோகிராஃபி என்று ஆரம்பித்தால் அவர்கள் என் கல்யாணப் பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

விஷயம் கடினமானதல்ல. தொழிற்சாலைகளில் தண்ணீரும் காற்றும், அல்லது தண்ணீரும் மணலும், ஒன்றாகக் கலந்து இரும்புக் குழாய்களுக்குள் ஓடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரும்புதான் தெரியும். உள்ளே காற்று எந்தப் பக்கம் போகிறது, மணல் எங்கே தங்குகிறது என்பது தெரியாது. அந்தக் குழாயின் நடுவே ஒரு வளையத்தைப் பொருத்துகிறோம். வளையத்தின் உட்சுவரில் சுற்றிலும் பதினாறு எஃகுப் பொத்தான்கள். அவை தண்ணீரைத் தொட்டபடி இருக்கும். இரண்டு பொத்தான்களுக்கிடையே மிகக் குறைந்த மின்சாரத்தை அனுப்பி, மற்றவற்றில் என்ன வருகிறது என்று அளக்கிறோம். பிறகு அடுத்த இரண்டு. இப்படி ஒரு சுற்று, கண் இமைப்பதற்குள். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், குமிழி கடத்தாது. ஓரத்தில் கிடைத்த எண்களைக் கொண்டு, நடுவில் என்ன இருக்கிறது என்று கணினி ஒரு வட்டப் படம் வரையும். படம் வரையும் நிரல் என் பொறுப்பு. வளையம் மணிவண்ணன் பொறுப்பு.

பதினோரு வருஷத்தில் அவர் நாற்பத்தொரு வளையம் செய்திருக்கிறார். ஒன்றில் கூட உள்ளே எதுவும் ஓடி அவர் பார்த்ததில்லை.

இது நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஷெட்டில் சோதிக்கும்போது வளையத்தை ஒரு குட்டைக் குழாயில் மாட்டி, தண்ணீர் நிரப்பி, அளவெடுப்போம். அதை ரெஃபரன்ஸ் என்போம். குமிழி இல்லாத, அசையாத தண்ணீரின் அளவு. பின்னால் குமிழியோடு எடுக்கும் அளவை இப்படி ஓர் அளவோடு ஒப்பிட்டுத்தான் படம் வரும். ஷெட்டில் காற்று ஊதும் வசதி இல்லை. அதனால் அங்கே திரையில் வருவது எப்போதும் ஒரே படம்: பச்சை வட்டம். பதினாறு பொத்தானும் சரியாக இருந்தால் முழுப் பச்சை. பொத்தான்களைச் சோதிக்க மட்டும் வரும் நிறம் அது. மணிவண்ணன் அதை எட்டிப் பார்த்து, "ஹவ், பச்சை" என்று ஹைதராபாத் 'ஆமாம்' போட்டுச் சொல்லிவிட்டு வளையத்தைக் கழற்றித் துடைத்து, மரப்பெட்டியில் வைத்து மூடுவார். பெட்டி ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ குஜராத்துக்கோ போகும். இன்ஜினியர்கள் பின்னாலேயே போவார்கள்.

அவர்கள் திரும்பியதும் இவர் போய் நிற்பார்.

"உள்ள எப்டிப்பா இருந்துச்சு?"

ராகேஷ்தான் பெரும்பாலும் போய் வருகிறவன். என் வயதுதான், நல்ல பையன். போனை எடுத்து ஹெல்மெட்டோடு எடுத்த படங்களைக் காட்டுவான். கெஸ்ட் ஹவுஸ், பழுப்பு மலை, மீன் குழம்பு. "சூப்பர் அண்ணா, ரிங் ஏ ஒன்" என்று தோளைத் தட்டுவான். மணிவண்ணன் எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்ப்பார். பிறகு ஷெட்டுக்குப் போய்விடுவார்.

குழாய்க்குள் எடுத்த படங்கள் என் கணினியில் இருந்தன. ஆனால் அவை வாடிக்கையாளருடையவை. யாருக்கும் காட்டமாட்டோம் என்று நானும் ராகேஷும் முதலாளி கிருஷ்ணபிரசாத்தும் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஷெட் ஆட்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் என் மேசைக்கு ஒரே ஒரு தடவை வந்து கேட்டார்.

"வேதாம்மா, அந்த ஒடிசா படம் உன்கிட்ட இருக்கா?"

"இருக்குண்ணா. ஆனா காட்டக் கூடாது."

"ஓ." கொஞ்சம் நின்றார். "வாயால சொல்லலாமா?"

நான் யோசித்தேன். அப்படிப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. "ஓரத்துல நீலம், நடுவுல சிவப்பு" என்றேன்.

"கலரு இன்னாத்துக்கும்மா. எப்டி அசைஞ்சுது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பக் கேட்கவே இல்லை. என் மேசையைத் தாண்டித்தான் அவர் தண்ணீர் குடிக்கப் போகவேண்டும். தாண்டும்போது திரையைப் பார்த்துவிடாமல் இருக்க, கழுத்தைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். அதைக் கவனித்த நாளிலிருந்து அவர் வரும் காலடி கேட்டதும் நானே திரையை அணைத்துவிடுவேன். எதற்கு இரண்டு பேரும் சங்கடப்படவேண்டும்.

அவர் அப்பா அய்யாக்கண்ணு சோளிங்கர் பக்கத்திலிருந்து வந்து லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். மகனுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. ஐடிஐ ஃபிட்டர் முடித்து, சனத்நகரில் ஒரு பம்ப் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். பம்பை ஓட்டி, மேலே காதை வைத்து, நல்லதா கெட்டதா என்று சொல்வது வேலை. "அங்கயும் சத்தந்தான்" என்பார். "தண்ணி சுத்துறது காதுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. இங்க படம் எடுக்கிற கம்பெனின்னாங்க, வந்துட்டேன்." அந்தச் சம்பளத்தைவிட இந்தச் சம்பளம் குறைவு என்று சுமலதா பிறகு சொன்னார்.

போன வருஷம் ஷாத்நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து, உயரமான இரும்புத் தூணுக்குள் விடுவார்கள். அடியிலிருந்து காற்றை ஊதினால் குமிழிகள் நல்ல மாவை ஒட்டிக்கொண்டு மேலே நுரையாகப் பொங்கும். அழுக்கு கீழே தங்கிவிடும். அவர்களுக்கு நுரை ஒழுங்காக வரவில்லை. காற்று உள்ளே சமமாகப் பரவுகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். ஷாத்நகர் என்றால் ஒன்றரை மணி நேரப் பயணம். மணிவண்ணன் செய்த வளையங்களில் இவ்வளவு அருகே போனது வேறெதுவும் இல்லை.

வளையம் போய்ப் பொருத்தியாயிற்று. ராகேஷ் எண்களை அனுப்பினான். நான் படம் வரைந்தேன். வட்டம் முழுக்கக் கருநீலம். எங்கள் படங்களில் நீலம் தண்ணீர், சிவப்பு காற்று. அதற்கு அர்த்தம், உள்ளே தண்ணீர்தான் இருக்கிறது, ஒரு குமிழி கூட இல்லை. ஆனால் தூணின் மேலே நுரை கொதிக்கிற பால் மாதிரி பொங்கிக்கொண்டிருப்பதை ராகேஷ் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான்.

நான்கு நாள் என் நிரலில் தப்பு தேடினேன். கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் கிருஷ்ணபிரசாத் சாரின் அறையில் எல்லோரும் கூடினோம். அவர் தெலுங்கில், "அப்படியானால் வளையம்தான். உள்ளே எங்கோ ஈரம் இறங்கிப் பொத்தான்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கழற்றிவிடலாம்" என்றார். தொழிற்சாலை மேலாளர் ராகவேந்திரா வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு வளையத்தை வெட்டி எடுத்துப் பழைய குழாயைப் போட்டுவிடுவார்களாம்.

கதவருகே நின்றிருந்த மணிவண்ணன், "சார், நான் ஒரு தடவை போய்ப் பாக்கட்டா?" என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் கேட்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். கிருஷ்ணபிரசாத் சாருக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"நீ போய் என்ன பண்ணுவ மணி? ரிப்போர்ட் எழுதணும், பேசணும்."

"பேச ராகேஷ் இருக்கான். எழுத வேதாம்மா இருக்கு. ரிங்கைத் தொட்டுப் பாக்க நான் வேணாமா? வெட்டுறதுக்கு முன்னாடி?"

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினோம். மணிவண்ணன் இஸ்திரி போட்ட சந்தன நிறச் சட்டையில் வந்திருந்தார். ராகேஷ் விடவில்லை. "க்யா பாத், அண்ணா! பொண்ணு பாக்கப் போறமா?"

"ஆமாண்டா. பதினோரு வருஷமா ஜாதகம் பாத்தாச்சு, இன்னும் மூஞ்சிய காட்டல."

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. குமிழி நடுவில் வருமா, ஓரத்தில் வருமா, ஒன்றை ஒன்று துரத்துமா என்று என்னைக் கேட்டார். பிறகு, "நக்கோ, சொல்லாத. நேர்ல பாத்துக்கறேன்" என்று தானே தடுத்தார். ஷம்ஷாபாத் தாண்டியதும் சுமலதாவுக்குப் போன் செய்து, மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்று சொன்னார்.

தொழிற்சாலையில் எல்லாமே வெள்ளையாக இருந்தது. மரத்து இலைகள், ஷெட் கூரை, காவலாளியின் புருவம். ராகவேந்திரா நல்ல மனிதர்தான். இவர்தான் வளையம் செய்தவர் என்று ராகேஷ் அறிமுகப்படுத்தியதும் கை குலுக்கி, "சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ட்ரோல் ரூமுக்கு வாங்க, ஸ்கிரீனை நீங்களே பாருங்க" என்றார். கண்ட்ரோல் ரூமுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மணிவண்ணன் பெயரில் ஒன்று எழுதித் தரச் சொன்னார். மணிவண்ணன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, பையின் மேல் ஒரு தடவை தட்டிக்கொண்டார்.

தூண் மூன்று மாடி உயரம். இரும்புப் படிக்கட்டில் ஏறி நடு மேடைக்குப் போனோம். வளையத்தின் மேல் யாரோ சாம்பல் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். மணிவண்ணன் நகத்தால் ஓரத்தைச் சுரண்டி ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார். ஒன்றாம் பொத்தான் எது என்று தெரிய அவரே உளியால் வைத்த புள்ளி. பிறகு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டார். மீட்டரை வைத்துப் பதினாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"ஒண்ணுலயும் கோளாறு இல்லம்மா" என்றார். "ஈரமும் இல்ல. அப்ப ஏன் நீலம்?"

"தெரியலண்ணா. ரெஃபரன்ஸும் சரியாத்தான் இருக்கு."

"இங்க எடுத்த ரெஃபரன்ஸா?"

"இல்ல. இங்க எடுக்க விடல. மாவு உள்ள இருக்கறப்ப காத்த நிறுத்தினா அடியில ஓட்டை எல்லாம் அடைச்சுக்குமாம். அதனால நாம ஷெட்டுல எடுத்ததையே போட்டிருக்கோம்."

மணிவண்ணன் கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

எப்போதும் ரெஃபரன்ஸ் இரண்டு தடவை எடுப்போம். ஷெட்டில் ஒன்று, பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க. இடத்தில் ஒன்று, அந்த ஊர்த் தண்ணீரில், அதுதான் கணக்கு. இந்த முறை இரண்டாவது முடியாது என்பது முன்பே தெரிந்ததால், ராகேஷ் இங்கிருந்து மூன்று கேன் தண்ணீரை ஷெட்டுக்கு அனுப்பியிருந்தான். அதை நிரப்பித்தான் அளவெடுக்கவேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. ஏன் என்று யாரும் ஷெட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தாளில் 'தண்ணீர்: சைட்டிலிருந்து வந்தது' என்ற வரிக்கு எதிரே மணிவண்ணனின் கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் நான்கு நாள் என் நிரலைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் கீழே பார்த்தார். ராகவேந்திரா படியேறி வந்துகொண்டிருந்தார், பின்னால் ராகேஷ். மணி பன்னிரண்டு இருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் மணிவண்ணன் திரைக்கு எதிரே நிற்கலாம். பேசாமல் இருந்தால் போதும்.

"ரிங்கைப் பார்த்தாச்சா?" என்றார் ராகவேந்திரா. "கழட்டணுமா?"

"ரிங்கு நல்லா இருக்கு சார்" என்றார் மணிவண்ணன். தெலுங்கில்தான் பேசினார், மெதுவாக. "தப்பு என்னுது. நீங்க அனுப்பின தண்ணியை நான் ஊத்தல."

ராகேஷ் ஒன்றும் புரியாமல் சிரித்தான். "ஊத்தலயா? அப்ப எதை ஊத்தினீங்க?"

"மஞ்சீரா."

ஹைதராபாத்தில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் மஞ்சீரா நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. போர் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், தலைமுடியைக் கயிறாக்கும். மணிவண்ணன் ஷெட்டில் ஒரு நீல டிரம்மில் மஞ்சீராவைப் பிடித்து மூடி வைத்திருப்பார். வளையங்களை அதில்தான் கழுவுவார். கேனைத் திறந்ததுமே அது போர் தண்ணீர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பொத்தானை எல்லாம் கண்ணாடி மாதிரி தேச்சு வெச்சிருந்தேன் சார். போர் தண்ணி பட்டா வெள்ளை படிஞ்சிடும். உங்க ஆளுங்க மறுநாளு ஷெட்டுக்கு வந்து பாக்கறதா இருந்துச்சு. பொண்ணை மூஞ்சி கழுவாம கூட்டிவந்து நிறுத்தின மாதிரி இருக்கும்னு... வாசல் மரத்துக்கு ஊத்திட்டேன். எப்பவும் இங்க வந்து மறுபடி எடுப்பாங்களே, ஷெட்டுல எடுக்கறது சும்மா செக்குக்குத்தானேன்னு நெனச்சேன்."

"கையெழுத்து போட்டிருக்கீங்களே!" ராகேஷின் குரல் ஏறிவிட்டது. "காய்கு? எதுக்குப் போட்டீங்க?"

மணிவண்ணன் மீட்டரைத் துணியில் சுற்றினார்.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. போர் தண்ணீரில் உப்பு அதிகம், மின்சாரம் பல மடங்கு சுலபமாகப் போகும். நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டால், அதில் எத்தனை குமிழி இருந்தாலும் வெறும் தண்ணீரை விடத் தண்ணீராகத்தான் தெரியும். கருநீலம். குமிழி எல்லாம் உள்ளேதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதை மறைத்து வைத்திருந்தோம்.

ராகவேந்திரா கத்தவில்லை. ஐந்து நாள் போனது, இரண்டு லோடு மாவு வீணானது என்று மட்டும் சொன்னார். பிறகு ராகேஷிடம், "இவர் இனிமேல் எதையும் தொட வேண்டாம். கேட்டில் உட்காரட்டும்" என்றார். கையை நீட்டினார். மணிவண்ணன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

படி இறங்கப் போனவர் திரும்பி வந்து, தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "இது காலையில நம்ம டிரம்முல பிடிச்சது. உனக்கு வேணுமாம்மா?"

வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது. அதன் கடத்துதிறனையும் இந்த ஊர்த் தண்ணீரின் கடத்துதிறனையும் அளந்து, எத்தனை மடங்கு என்று கண்டுபிடித்தால், பழைய ரெஃபரன்ஸைத் திருத்திவிடலாம். நான் சொல்லாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

கண்ட்ரோல் ரூமில் ஏசி அதிகம். இரண்டு தண்ணீரையும் அளந்ததில் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ரெஃபரன்ஸைத் திருத்தி நிரலை ஓட்டினேன். கருநீலம் விலகியது. வட்டத்தின் ஒரு பக்கம் சிவப்பு பிறை மாதிரி ஒன்று எழும்பி, அகன்று, ஒடுங்கி, மறுபடி அகன்றது. அதன் ஓரத்திலிருந்து சின்னச் சின்ன மஞ்சள் திட்டுகள் பிய்ந்து நடுவுக்கு வந்து கரைந்தன. எதிர்ப் பக்கம் அசைவே இல்லை. நான் நூற்றுக்கணக்கான படங்கள் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எண்களைப் பார்க்காமல் அசைவைப் பார்த்தேன். மூச்சு விடுகிற மாதிரி இருந்தது என்று சொல்லலாமா? சரியில்லை. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

"காற்று ஒரு பக்கமாகத்தான் போகிறது" என்றார் ராகவேந்திரா. முதல் முறையாக நாற்காலியை முன்னால் இழுத்தார். "எந்தப் பக்கம்? படிக்கட்டுப் பக்கமா, தொட்டிப் பக்கமா?"

யாருக்கும் தெரியவில்லை. படத்தில் மேலே இருப்பது ஒன்றாம் பொத்தான். ஆனால் பொருத்தியவர்கள் வளையத்தை வசதிப்படி திருப்பிப் பொருத்தியிருந்தார்கள், மேலே பெயின்ட் வேறு. காற்று ஓட்டைகள் அடைத்துக்கொண்ட பக்கம் எது என்று தெரியாமல் அடியைப் பிரித்தால் பாதி நாள் வீண்.

"மணியண்ணாவுக்குத் தெரியும்" என்றேன்.

ராகவேந்திரா தொலைபேசியை எடுத்துக் காவலாளி அறைக்குப் போட்டு, என் கையில் கொடுத்தார். அவர் வேண்டுமென்றால் இங்கே வரட்டும், அதனால் பரவாயில்லை என்று முகத்தில் தெரிந்தது. அல்லது அப்படித் தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

"அண்ணா, படம் வந்துடுச்சு."

மறுமுனையில் லாரி ஒன்று போகும் சத்தம். பிறகு, "வந்துடுச்சா?" என்றார்.

"ஒரு பக்கமாத்தான் குமிழி வருது. எந்தப் பக்கம்னு தெரியணும், ஒண்ணாம் நம்பர் எங்க இருக்குன்னு கேக்கறாங்க." பிறகு நான் என் வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னேன். "நீங்க இங்க வந்து ஸ்கிரீனைப் பாத்தாத்தான் சொல்ல முடியும், இல்லயாண்ணா?"

அவர் 'ஆமாம்' என்றால் போதும். ராகேஷுக்குக் கூடப் புரிந்துவிட்டது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுமுனையில் லாரிச் சத்தம் தூரமாகப் போய் ஓய்ந்தது.

"இல்லம்மா" என்றார். "பாக்க வேண்டிய அவசியமில்ல. ஒண்ணாம் நம்பரு படிக்கட்டுக்கு நேரா இருக்கு. அங்கேர்ந்து வலது கைப் பக்கமா எண்ணிக்கச் சொல்லு."

ராகவேந்திரா என் கையிலிருந்து போனை வாங்கி, "தேங்க்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் ஆட்கள் தொட்டிப் பக்கம் பிரிக்கப் போய்விட்டார்கள்.

திரும்பும்போது மணிவண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்தார். ஹர்ஷிதாவுக்கு இன்டரில், அதாவது பிளஸ் ஒன்னில், என்ன குரூப் எடுப்பது என்று ராகேஷிடம் விசாரித்தார். ராகேஷ் அளவுக்கு மீறிப் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். எப்படி அசைந்தது என்று அவர் கேட்பார், சொல்லிவிடவேண்டும் என்று நான் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. மெஹதிபட்டினம் வந்தது, அமீர்பேட் வந்தது. இறங்கும்போது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். மீதித் தண்ணீரை அங்கேயே குடித்துவிட்டு பஸ் ஏறப் போனார்.

கிருஷ்ணபிரசாத் சார் திட்டினார், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. ஷெட்டில் எடுக்கும் ரெஃபரன்ஸுக்கு இனி இரண்டு கையெழுத்து. மணிவண்ணன் இனி எந்தச் சைட்டுக்கும் போகக் கூடாது. வளையம் வெட்டப்படவில்லை, இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து நான் ஷெட்டுக்குப் போனேன். அவர் அடுத்த வளையத்தின் பொத்தான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா கார்ல ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லியிருப்ப."

"ஆமா."

"காயிதத்துல கையெழுத்து போட்டிருக்க இல்ல? ஒரு கையெழுத்தை நான் கெடுத்தது போதும்." தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார். "அதுவும் இல்லாம, வாயால சொல்லி எனக்குப் பத்தாதும்மா. பதினோரு வருஷமா பத்தல."

அன்றே ராகவேந்திராவுக்குக் கடிதம் எழுதினேன். வளையம் செய்தவருக்கு ஒரே ஒரு நிமிஷப் படத்தைக் காட்ட அனுமதி வேண்டும் என்று. என் பெயரில், கிருஷ்ணபிரசாத் சாருக்குத் தெரிவித்து. ஆறு வாரம் பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். வந்த பதில் இரண்டே வரி. ஒப்பந்தம் முடியும்வரை காட்ட இயலாது. முடிந்த மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் காட்டலாம், ஆட்சேபணை இல்லை. கீழே தேதி.

அச்செடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். தமிழில் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, எழுத்துகளை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னும் பதினாலு மாசம் இருக்கு" என்றேன்.

"ஹவ். இன்னா கெழமை அது?"

போனில் தேடிப் பார்த்தேன். "புதன்."

தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மிகவும் கண்டிப்பாக, யாரிடமும் அவர் பேசி நான் கேட்டிராத குரலில் சொன்னார்:

"அன்னிக்கு நீ லீவு கீவு போட்டுடாத."